இரண்டு சிலிங்கில் ஒன்று

பருத்தித்துறை
9.1.1992

அன்புள்ள லூர்த்தக்காவுக்கு பெர்னடெட் எழுதுறது.

சுகமோ எண்டு கேக்கிற நிலைமையிலை நானும் இல்லை, நீங்களும் இல்லை. அதாலை அதை விடுறன். என்னோடை கதைக்கிறேல்லை எண்டு நீங்கள் சத்தியம் பண்ணினது எனக்குத் தெரியும். எண்டாலும் இதை வாசியுங்கோ. கிழிச்சுப் போடாதேங்கோ.

போன மாசம் காத்து அடிச்ச அண்டு கடலுக்குப் போன எங்கடை மனுசர் ரெண்டு பேரைப் பற்றியும் இவ்வளவு நாளும் ஒரு தகவலும் இல்லை. வள்ளமும் இல்லை, பலகைத் துண்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வரேக்கை, மருதங்கேணிப் பக்கத்துச் சுவாமியார் அனுப்பினதெண்டு ஒரு ஆள் வாசலிலை நிண்டார். நத்தாருக்குப் பிறகு அங்கை கரையிலை ஒரு ஆள் ஒதுங்கினதாம். ஒரு ஆள்தான். முகம் பாத்துச் சொல்லுற மாதிரி இல்லையாம். வைச்சிருக்க ஏலாமல் உடனையே செபம் சொல்லி அடக்கம் செய்துபோட்டினம். கழுத்திலை வலை நூலிலை கோத்த ஒரு வெள்ளிக் காசு இருந்ததாம். அதை ஒரு நெருப்புப் பெட்டிக்குள்ளை வைச்சுத் தந்துவிட்டவர்.

அக்கா, அது எங்கடை காசுதான். மாமா ஊர்காவற்றுறையிலை ஒரு பழைய கப்பல்காரனிட்டை வாங்கி, புதுநன்மைப் பூசைக்குத் தன்ரை ரெண்டு பெடியளின்ரை கழுத்திலையும் கட்டிவிட்ட ரெண்டு சிலிங்கிலை ஒண்டு. மூன்றாம் ஜோர்ஜ் ராசா, 1787. துளை கூட ஒரே பத்தர் ஒரே இடத்திலை போட்டது, ராசாவின்ரை தலைக்கு மேலை. பாக்கிறவைக்கு ரெண்டும் ஒண்டுதான்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு நான் கலியாணம் முடிச்சு வந்த புதுசிலை உங்களுக்குக் காட்டினது ஞாபகம் இருக்கோ? பின் பக்கத்திலை நாலு கேடயம். குதிரை ஓடுற கேடயத்துக்குள்ளை ஒரு சிங்கம் நிக்கும். அத்தான்ரை காசிலை அந்தச் சிங்கத்தைச் சுத்தி எள்ளு மாதிரிக் குட்டி இருதயங்கள் இருக்கும். என்ரை மனுசன்ரை காசிலை இல்லை. ஒரே வருசம் அடிச்ச காசெண்டாலும் அச்சு வேறை. ஒரு அச்சிலை இருதயம் வெட்டினவை, மற்றதிலை வெட்டேல்லை. ஏனெண்டு பழைய காசு சேர்க்கிற என்ரை ஐயாவுக்கும் தெரியாது.

இப்ப என்ரை கையிலை இருக்கிற காசிலை இருதயம் தெரியேல்லை. ஆனால் தேய்ஞ்சும் போயிருக்கலாம். சரியாச் சொல்ல ஏலாமல் கிடக்கு. அத்தான்ரை காசை நீங்கள் கடைசியா வடிவாப் பாத்தது எப்ப? அப்ப இருதயம் தெரிஞ்சதோ?

சுவாமியார் சிலுவையிலை எழுத ஒரு பேர் கேக்கிறார். முப்பத்தோராம் நாள் பூசைக்கும் பேர் வேணுமாம்.

இப்படிக்கு
பெர்னடெட்

நீர்வேலி
14.1.1992

பெர்னடெட்,

உன்ரை கடிதத்தைப் பஸ்காரக் கந்தப்பு கொண்டந்து தந்தவன். பஸ்ஸின்ரை மண்ணெண்ணெய்ப் புகையிலை ஊறி வந்தது கடிதம்.

அன்புள்ள எண்டு எழுத எனக்கு மனம் வரேல்லை. ஆர் ஆள் விட்டுக் கூப்பிட்டது? நீங்கள்தானே? என்ரை மனுசன் குருநகரை விட்டு வந்த பிறகு கடலே வேண்டாமெண்டு விட்டவன். இஞ்சை ஞானாம்பிகை ரீச்சர் வளவிலை வாழைக்குலை வெட்டி, சைக்கிளிலை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோய், பொழுதுபட வந்து பிள்ளையளோடை இருந்து சோறு தின்னுற மனுசன். வள்ளத்துக் கூட்டாளிக்குக் கால் ஏலாது, அண்ணையை வரச்சொல்லு எண்டு உங்கையிருந்து சொல்லி அனுப்பினால் அந்தாள் என்ன செய்யும்? தம்பி எண்டால் உயிரை விடுற ஆள். ஐயோ, என்ன சொல்லு வருகுது பார் என்ரை வாயிலை.

நீ என்ன கேக்கிறாய்? இருதயம் தெரிஞ்சதோ எண்டோ? மாதாவாணை, என்ரை மனுசன்ரை காசிலை இருதயம் இருந்தது. அது குருநகருக்கே தெரியும். மாமா மூத்தவனுக்குத்தான் இருதயம் குடுத்தவர், உன்ரை ஆளுக்கு இருதயமில்லை எண்டு நான் உன்னை எத்தினை தரம் பகிடி பண்ணியிருப்பன். அப்ப உன்ரை கையிலை இருக்கிற காசு ஆற்றை? இருதயம் இல்லையெண்டால் அது சிமியோன்ரை. கணக்குச் சரி. ஏன் எனக்கு எழுதுறாய்?

இதை எழுதிப்போட்டு என்ரை வாயிலை நானே அடிச்சன். பாலன் மாதிரி இருந்த சிமியோன். என்னை அக்கா எண்டதைத் தவிர வேறை சொல்லுச் சொல்லாதவன். அவன் செத்தால் நல்லம் எண்டு நினைக்கிற அளவுக்கு நான் வந்திட்டன், பாத்தியோ?

ஆனால் உன்ரை கடிதத்திலை இன்னொரு சொல்லு இருக்கு. தேய்ஞ்சு போயிருக்கலாம் எண்டு. அந்த ஒரு வரியைத்தான் திருப்பித் திருப்பி வாசிக்கிறன். ஒவ்வொரு யாகப்பர் திருநாளுக்கும், திருஇருதய ஆண்டவர் திருநாளுக்கும் அந்தக் காசைக் கழட்டி வாங்கிப் புளியும் சாம்பலும் போட்டு உரைஞ்சு பளபளவெண்டு ஆக்கிக் கட்டிவிடுறது நான். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து. நீ இருதயத்தைக் காட்டின பிறகு இன்னும் கூட உரைஞ்சன், எல்லாருக்கும் தெரியவேணுமெண்டு. போன ஆடியிலையும் உரைஞ்சன். அப்ப இருதயம் இருந்ததோ? எனக்குத் தெரியேல்லையடி. மினுக்கத்தைத்தான் பாத்தன். இருதயத்தைப் பாக்கேல்லை. இருக்கெண்ட நினைப்பிலை விட்டிட்டன்.

நானே உரைஞ்சு அழிச்சுப் போட்டனோ?

காசை அனுப்பு, நான் பாக்கவேணும். வேண்டாம், வேண்டாம், வழியிலை துலைஞ்சால் எங்கை போறது? நீ முந்தி ஈயத்தாளிலை அச்செடுத்துக் காட்டுவாய், அது மாதிரி எடுத்து அனுப்பு. உடனை அனுப்பு. இஞ்சை நாளைக்குப் பொங்கல். என்ரை நிலைமையைப் பாத்து ரீச்சர் வீட்டிலை வெடி கொளுத்தவேண்டாமெண்டு பெடியளுக்குச் சொல்லியிருக்கினம். நான் என்ன நிலைமையிலை இருக்கிறன் எண்டு எனக்கே தெரியாது.

லூர்த்தம்மா

பருத்தித்துறை
19.1.1992

லூர்த்தக்கா,

அச்சு இதோடை வைச்சிருக்கிறன். சிகரெட் பெட்டிக்குள்ளை இருக்கிற ஈயத்தாள்தான். காசை அதாலை போத்தி, பென்சிலின்ரை பின் பக்கத்தாலை மெல்ல மெல்ல உரசி எடுத்தது. நாலைஞ்சு பழுதாப் போச்சு. இது கொஞ்சம் பரவாயில்லை. ரெண்டு மட்டைக்கு நடுவிலை வைச்சுக் கட்டியிருக்கிறன், கந்தப்பு அண்ணையிட்டை நசியாமல் கொண்டுபோகச் சொல்லிச் சொன்னனான்.

விரலாலை தடவிப் பாக்காதேங்கோ, மேடு பள்ளம் அமந்துபோம். விடிய வெய்யில் சரிஞ்சு வாற நேரம் வாசலிலை பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாருங்கோ. உச்சி வெய்யிலிலை ஒண்டும் தெரியாது. நான் ஐயாவின்ரை பூதக்கண்ணாடி வில்லையாலை பாக்கிறன். ஐயா நகைக்கடையளிலை உருக்க வைச்சிருக்கிற வெள்ளிக் காசையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, இந்த வில்லையை வைச்சுத்தான் எது எந்த அச்செண்டு பிரிப்பார். வில்லையிலை இப்ப ஒரு கீறல் விழுந்து கிடக்கு. ரோச் லைற் இருந்தால் பக்கத்திலை பிடிச்சுப் பாக்கலாம், ஆனால் பற்றறிக்கு எங்கை போறது. மழை இருட்டு வேறை. அதாலைதான் நான் முடிவாச் சொல்லாமல் இருக்கிறன். அவசரப்பட்டு ஒருத்தருக்கும் காட்டவேண்டாம், ஒருத்தற்றை கதையையும் கேக்கவேண்டாம்.

நீங்கள் எழுதினதுக்கு ஒரு மறுமொழி சொல்லவேணும். நான் கூப்பிடேல்லை. இவர்தான் சொல்லி அனுப்பினவர், நான் தடுக்கேல்லை, அதுதான் உண்மை. ஆனால் அத்தான் வந்து இறங்கின அண்டைக்கு அவற்றை முகத்தை நீங்கள் பாக்கேல்லை. நேரை கரைக்குப் போய், சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணியிலை நிண்டு சிரிச்சவர். வாழைக்குலை கட்டிக் கட்டித் தோளெல்லாம் பால் கறை, கடல் தண்ணி பட்டால்தான் போகும் எண்டவர். அவரை ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போகேல்லை அக்கா. இதை எழுதக் கூடாதெண்டுதான் நினைச்சன்.

சுவாமியார் திரும்பவும் ஆள் அனுப்பினவர். இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறன். செஞ்சிலுவைக்காரரிட்டை ரெண்டு பேரின்ரை பேரையும் குடுத்திருக்கிறன். இந்தியாவிலை கோடியக்கரைப் பக்கம் கரையேறின ஆக்கள் இருக்கினமாம், கேட்டுச் சொல்லுறம் எண்டவை.

நான் சாப்பிடுறன். நீங்களும் சாப்பிடுங்கோ.

பெர்னடெட்

நீர்வேலி
27.1.1992

பெர்னடெட்டுக்கு,

இனி நீ ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்லை. முடிஞ்சுது.

கந்தப்பு உன்ரை மட்டைப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சு, அதுக்கு மேலை ரிக்கற் புத்தகத்தையும் வைச்சு நசிச்சுக்கொண்டு வந்திருக்கிறான். கோதாரி விழுவான். எண்டாலும் ராசாவின்ரை தலை தெரிஞ்சது, கேடயம் நாலும் தெரிஞ்சது. நீ சொன்ன மாதிரி விடிய வெய்யிலிலை பிடிச்சுப் பாத்தன். குதிரை மாதிரி ஒண்டு தெரிஞ்சுது, சிங்கம் மாதிரி ஒண்டு தெரிஞ்சுது, அதைச் சுத்தி வெறுமை. இருதயம் இருக்கெண்டு நினைச்சுப் பாத்தால் இருக்கிற மாதிரி, இல்லையெண்டு பாத்தால் இல்லாத மாதிரி. எனக்கு விசர் பிடிக்கிற மாதிரி வந்திட்டுது.

ஆருக்கும் காட்டவேண்டாமெண்டு நீ எழுதினனீ. உன்ரை சொல்லை நான் எப்ப கேட்டன்? புத்தூர்ச் சந்தியிலை இருக்கிற ஏரம்புப் பத்தரிட்டைக் கொண்டுபோனன். அந்த மனுசன் கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பாத்தார். இதை என்னத்தாலை துலக்கிறனீங்கள் எண்டு கேட்டார். புளியும் சாம்பலும் எண்டன். எவ்வளவு காலமா எண்டார். சொன்னன். பிள்ளை, வருசக்கணக்கா அப்படி உரைஞ்சால் சின்ன வேலைப்பாடெல்லாம் நிக்குமோ, இது தேய்ஞ்சு அழிஞ்ச இடம்தான் எண்டார். அவரிலை பிழையில்லை. கேட்டதுக்குச் சொன்னார்.

அப்ப அது என்ரை மனுசன். என்ரை கையாலையே அவன்ரை அடையாளத்தை அழிச்சுப்போட்டு, அது அவனில்லை எண்டு உன்னோடை சண்டைக்கு நிண்டிருக்கிறன். இப்படியும் ஒருத்தி இருப்பாளோ?

நேற்று விடிய தாலியைக் கழட்டினன். ஆரும் கழட்டிவிடேல்லை, நானே கழட்டி மாதா படத்துக்குப் பின்னாலை வைச்சன். ரீச்சர் கண்டிட்டுத் தேத்தண்ணி கொண்டந்து தந்து பக்கத்திலை இருந்தா. பிள்ளையளுக்கு இன்னும் சொல்லேல்லை. எப்படிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை.

சுவாமியாருக்குச் சொல்லு, பேதுரு எண்டு எழுதச் சொல்லி. செபநாயகம் பேதுரு. குருநகர் எண்டும் போடச் சொல்லு, மனுசன் அதை விரும்புவான்.

சிமியோன் எங்கையோ இருக்கிறான். ஒருநாள் வந்து கதவைத் தட்டுவான். நீ சந்தோசமா இரு. மனசாரத்தான் சொல்லுறன். இல்லை, பொய், மனசார இல்லை. எண்டாலும் சொல்லுறன்.

லூர்த்தம்மா

பருத்தித்துறை
29.1.1992

அக்கா,

கந்தப்பு அண்ணையை வாசலிலை நிக்கவைச்சுப்போட்டு எழுதுறன். பஸ் வெளிக்கிடப் போகுதெண்டு கத்துறார். முதல் இதைச் செய்யுங்கோ: தாலியை எடுத்துக் கட்டுங்கோ. பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. சொல்லியிருந்தால், பிழை எண்டு சொல்லுங்கோ.

அது அத்தான் இல்லை.

பத்தர் பாத்தது ஒரு நசிஞ்ச ஈயத்தாளை. நான் பாக்கிறது காசை. புளியும் சாம்பலும் போட்டு உரைஞ்சால் மேடான இடம்தான் முதல் தேயும். ராசாவின்ரை கன்னம், காதுக்கு மேலை சுருண்டு கிடக்கிற மயிர், தலையிலை கட்டின இலையின்ரை நரம்பு, இதுகள்தான் முதல் போகும். இந்தக் காசிலை அதெல்லாம் அப்படியே இருக்கு. இலை நரம்பை எண்ணலாம். குதிரையின்ரை வால் கூட இருக்கு. மேட்டிலை இருக்கிறது தேயாமல் பள்ளத்துக்குள்ளை கிடக்கிற இருதயம் மட்டும் எப்படித் தேயும்? வருசக்கணக்கா உரைஞ்ச காசு வழவழ எண்டு இருக்கும். இது அப்படி இல்லை. இதை ஒருத்தரும் உரையேல்லை. இதிலை இருதயம் தேய்ஞ்சு போகேல்லை அக்கா, துடக்கத்திலையிருந்தே இல்லை. இருதயம் வெட்டாத அச்சிலை அடிச்ச காசு.

நான் என்ரை மனுசன்ரை காசை ஒருநாளும் துலக்கேல்லை. பழைய காசைத் துலக்கக் கூடாதெண்டு ஐயா சொல்லுவார். ஊத்தையோடை போட்டுக்கொண்டு திரியிறான், பெஞ்சாதி பாக்கிறேல்லைப் போலை எண்டு நீங்கள் பகிடி பண்ணுவியள்.

நெருப்புப் பெட்டியைத் திறந்த உடனையே எனக்குத் தெரியும். வில்லை தேவைப்படேல்லை. மழை இருட்டு, கீறல் எண்டெல்லாம் நான் எழுதினது வெறும் கதை. அண்டைக்கு உங்களுக்கு எழுதக் குந்தி, சிமியோன் எண்டு எழுத வந்தன், ஆனால் தேய்ஞ்சும் போயிருக்கலாம் எண்டு கை எழுதிச்சுது. எழுதின பிறகு எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பிப் பாப்பன், இண்டைக்கு ஒரு இருதயத்தின்ரை அடையாளமெண்டாலும் தெரியாதோ எண்டு. தெரிஞ்சால் அது உங்கடை மனுசன். அப்படி நினைச்சுத்தான் தேடினன். நீங்கள் உங்கடை வாயிலை அடிச்சதெண்டு எழுதினியள், நான் அதுகூடச் செய்யேல்லை.

நேற்று உங்கடை கடிதம் கிடைச்சுது. சுவாமியாரிட்டைப் பேதுரு எண்டு சொல்லிவிட்டால் காணும். ஒருத்தரும் கேக்கமாட்டினம். நீங்களே ஒத்துக்கொண்டிட்டியள். நான் தாலியோடை இருக்கலாம், வாசலைப் பாத்துக்கொண்டு. ஒரு பகல் முழுக்க அப்படி யோசிச்சன். பிறகு நீங்கள் தாலியைக் கழட்டி மாதா படத்துக்குப் பின்னாலை வைச்சதை யோசிச்சன். அதுக்குப் பிறகு ஏலாமல் போச்சு.

இண்டைக்கு விடிய சுவாமியாருக்குப் பேர் அனுப்பிப்போட்டன். செபநாயகம் சிமியோன், குருநகர்.

அத்தான் இருக்கிறார் எண்டு நான் சொல்லேல்லை. அது எனக்குத் தெரியாது. அங்கை கிடக்கிறது அவரில்லை. அவ்வளவுதான் காசு சொல்லும்.

பெர்னடெட்

நீர்வேலி
1.2.1992

என்ரை தங்கச்சி,

இப்படி நான் உன்னை எழுதினதில்லை எண்டு எனக்குத் தெரியும்.

உன்ரை கடிதத்தை வாசிச்சு முடிச்சுப்போட்டு நான் சிரிச்சன். உனக்கு இதைச் சொல்லவேணும், ஒளிச்சால் என்ரை நெஞ்சு வெடிச்சுப்போம். வாழைக்குலை அடுக்கிற கொட்டிலுக்குள்ளை தனிய நிண்டு பெலத்துச் சிரிச்சன். ரீச்சர் ஓடி வந்தா, எனக்கு விசர் தட்டிப்போச்செண்டு நினைச்சு. அது அவன் இல்லையாம், அவன் இல்லையாம் எண்டு அவவின்ரை கையைப் பிடிச்சுக் குதிச்சன். தாலியைக் கட்டின பிறகுதான் அப்ப அது ஆர் எண்ட நினைப்பு வந்தது. சிமியோன். எங்கடை சிமியோன். அதுக்குப் பிறகு குந்தி இருந்து அழுதன். ஆனால் முதல் சிரிச்சனான். நீ என்னை மன்னிக்கவேண்டாம், இப்ப மன்னிக்கவேண்டாம்.

உன்னோடை கதைக்கமாட்டன், உன்ரை வாசல்படி மிதிக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினது நான்தான். அந்தச் சத்தியத்தைக் கொண்டுபோய்க் கடலிலை போடு. நாளையிண்டைக்குப் பிள்ளையளை ரீச்சரோடை விட்டிட்டு முதல் பஸ்ஸிலை வாறன். ஒண்டும் சமைக்காதை, நான் சமைப்பன். தாலி கழட்டிற அலுவல் எதுவாயிருந்தாலும் நான் வரும்வரைக்கும் பொறு. அதைத் தனியச் செய்யிறது எப்படியிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். மருதங்கேணிக்கு ரெண்டு பேருமாப் போவம்.

லூர்த்தம்மா

பருத்தித்துறை
24.5.1992

அன்புள்ள லூர்த்தக்கா,

நீங்கள் தந்துவிட்ட கதலிக்குலை பழுத்திட்டுது. பக்கத்து வீட்டுக் கமலாவதிக்கும் ஒரு சீப்புக் குடுத்தன்.

நீங்கள் கேட்ட அலுவலாச் செஞ்சிலுவைக் கந்தோருக்குப் போனன். மண்டபம் அகதி முகாமிலை பேதுரு எண்டொரு ஆள் இருக்கிறார் எண்டு ஆரோ உங்களுக்குச் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் மன்னார்ப் பக்கம் பேசாலை ஊர் ஆளாம், வயசும் அத்தானிலும் கூட. அத்தான் இல்லை. எழுதக் கை வரேல்லை, எண்டாலும் உங்களுக்கு இனி எதையும் பிந்திச் சொல்லுறேல்லை எண்டு முடிவெடுத்திருக்கிறன்.

சிலுவைக்கு ரெண்டாம் தரமும் கறுப்பு மை அடிச்சாச்சு. உப்புக்காத்து எழுத்தைத் தின்னுது. நான் இப்ப கொஞ்சம் நித்திரை கொள்ளுறன். தையல் வேலையும் வருகுது. நீங்கள் எப்படி இருக்கிறியள் எண்டு ஒருக்கால் உண்மையா எழுதுங்கோ. போன கடிதத்திலை வாழைக்குலையின்ரை சுகம்தான் எழுதியிருந்தியள்.

அன்புடன்
பெர்னடெட்

நீர்வேலி
25.10.1992

பெர்னடெட்,

உண்மையா எழுதச் சொல்லி நீ கேட்டு ஐஞ்சு மாசமாச்சு. இண்டைக்கு எழுதுறன். வாசிச்சுப்போட்டுக் கோவிக்காதை. கோவிச்சாலும் பரவாயில்லை.

எனக்கு உன்னிலை எரிச்சல்.

மாசியிலை உன்னைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு அந்தக் குழிக்குப் பக்கத்திலை நிக்கேக்கை, கடவுளே நன்றி, இது என்ரை மனுசன் இல்லை எண்டு மனசுக்குள்ளை சொன்னன். இப்ப அதே குழியை நினைச்சால் எனக்கு ஆசையாக் கிடக்கு. நீ விழுந்து குழறினாய், பூசை வைச்சாய், சிலுவை நட்டாய், மை அடிக்கிறாய். நித்திரை கொள்ளுறன் எண்டு எழுதுறாய். நீ அழுது முடிச்சிட்டாய். நான் இன்னும் துடங்கேல்லை. துடங்கினால் அவனை நானே சாகடிச்ச மாதிரி. கேற்றடியிலை சைக்கிள் மணி கேட்டால் எழும்புறன். ஒரு நாளைக்கு எத்தினை சைக்கிள் போகுது தெரியுமோ இந்த ஒழுங்கையாலை? சின்னவள் போன கிழமை கேட்டாள், அப்பாவுக்கு எங்களைப் பிடிக்கேல்லையோ, ஏன் ஒரு கடிதமும் போடுறாரில்லை எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? ஓரோர் நேரம் எனக்கே அவனிலை கோவம் வருகுது. எங்கையோ குந்தி இருந்துகொண்டு எழுதாமல் இருக்கிறான் எண்டு பேசுறன். பேசிப்போட்டு, பாவம், கடலடியிலை கிடக்கிறானோ எண்டு நெஞ்சிலை அடிக்கிறன். இது ஒரு சீவியமோ?

இப்ப மரித்தோர் திருநாள் வருகுது. எல்லாரும் சேமக்காலையிலை கல்லறைக்குப் போவினம். உயிரோடை இருக்கிறவனுக்கு மெழுகுதிரி கொளுத்தக் கூடாது. செத்தவனுக்குக் கொளுத்தாமல் விடவும் கூடாது. நான் எங்கை போறது? ஆருக்கு முன்னாலை முழங்காலிலை நிக்கிறது? இஞ்சத்தைச் சுவாமியாரிட்டைக் கேட்டன், நம்பிக்கையோடை இரு மகளே எண்டார். நம்பிக்கைதான் என்னைத் தின்னுது எண்டு அவருக்கு எப்படிச் சொல்ல?

நீ அண்டைக்குப் பொய் சொல்லியிருக்கலாம். நான்தான் கேட்டுத் தந்தனே, பேதுரு எண்டு எழுதச் சொல்லி. உனக்கு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்க ஆசை, எனக்கு இப்ப ஒரு குழி இருந்தால் காணும். உன்ரை கெட்டித்தனத்தாலை ரெண்டும் மாறிப்போச்சு. அந்தக் குழியை எனக்குத் தந்திருக்கலாமேடி.

லூர்த்தம்மா

பருத்தித்துறை
28.10.1992

லூர்த்தக்கா,

கோவிக்கேல்லை. ரெண்டு தரம் வாசிச்சன், ரெண்டாந்தரம் அழுதன்.

பொய் சொல்லியிருந்தால் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறது நானாயிருப்பன் எண்டு எழுதியிருக்கிறியள். நான் பாத்திருக்கமாட்டன் அக்கா. எனக்குத் தெரியும், அங்கை ஆர் கிடக்கிறார் எண்டு. வேறை பேர் எழுதின சிலுவைக்கு முன்னாலை, ஒருத்தருக்கும் தெரியாமல், என்ரை மனுசனுக்காக ஒளிச்சு நிண்டு அழவேண்டி வந்திருக்கும். நீங்கள் வேறை ஒரு ஆளின்ரை குழியிலை உங்கடை மனுசனைத் தேடியிருப்பியள்.

மெழுகுதிரிக் கதையை விடுங்கோ. ரெண்டாந் திகதி விடியப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, மருதங்கேணிக்குப் போவம். அக்கா எண்டு எனக்குத் துணையா வந்து நிக்கவேண்டாம். உங்கடை அலுவலுக்கு வாங்கோ. அந்தக் குழிக்கு முன்னாலை இருந்து அத்தானைப் பேசுங்கோ, எங்கை போனனீ, ஏன் எழுதேல்லை எண்டு பெலத்துக் கேளுங்கோ. சின்னவளையும் கேக்கச் சொல்லுங்கோ. நான் தள்ளி நிக்கிறன்.

அவை ரெண்டு பேரும் ஒரு வள்ளத்திலை போனவை அக்கா. அத்தானைக் கடைசியாக் கண்டவர் அங்கைதான் கிடக்கிறார். வேறை ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

பெர்னடெட்